வெப்பநிலைநிறுத்தியும் வீட்டின் அதிகாரமும்: நெஸ்ற் கருவி குறித்த ஒரு விமர்சன நோக்கு

2014ஆம் ஆண்டு சனவரி 13ஆம் திகதி, கூகிள் நிறுவனம் நெஸ்ற் லாப்ஸ் என்னும் கம்பனியை 320 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அக்கம்பனி தொடங்கப்பட்டு அப்போது நான்கு ஆண்டுகளும் நிரம்பியிருக்கவில்லை. அப்பிள் நிறுவனத்தில் ஐபொட் கருவியின் உருவாக்கத்தில் முன்னின்ற ரொனி ஃபடெலும் அங்கு அவருடன் பணியாற்றிய மற் றொஜர்ஸும் 2010இல் அதனை நிறுவினர். அது விற்ற பொருள்கள் இரண்டே. ஒன்று, வீட்டின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ரற்; மற்றையது, புகை எழுந்தால் எச்சரிக்கும் கருவி. சுவரில் மாட்டும் வட்டமான ஒரு பொருளை 249 டொலருக்கு விற்ற கம்பனிக்கு, தேடலையும் விளம்பரத்தையும் தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம் இத்துணைப் பெருந்தொகையை ஏன் கொடுத்தது? இவ்வினாவுக்கு அன்று தொட்டு விமர்சகர் பலரும் கூறிவரும் விடை ஒன்றே: தரவு. வீட்டில் யார் எப்போது இருக்கின்றனர், எப்போது உறங்குகின்றனர், எப்போது வெளியே செல்கின்றனர் என்ற செய்தியே விலைபோயிற்று என்பது அவர்கள் கருத்து. இவ்விடை பிழையானதன்று. ஆயின் அது போதாது என்பதும், அதிலும் அடிப்படையான வேறொன்றை அது மறைத்துவிடுகிறது என்பதுமே இக்கட்டுரையின் நிலைப்பாடாகும்.

தேமோஸ்ரற்றை வெப்பநிலைநிறுத்தி எனத் தமிழாக்கலாம். மார்கழிக் குளிரையும் ஒரு போர்வையுடன் கழித்துவிடும் எமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என வாசகர் வினவக்கூடும். நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்கும் தேசங்களில் வெப்பம் வசதியன்று; உயிர்வாழ்வின் நிபந்தனை. எனவே அதனைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல கை யாருடையது என்ற வினா அங்கே மிகத் துலக்கமாக எழுகிறது. தவிரவும், எமது உறவினருட் பெருந்தொகையினர் இன்று அத்தகைய வீடுகளிலேயே வாழ்கின்றனர்.

முதலில் இக்கருவியின் பூர்வீகத்தை நோக்குவோம். விஸ்கொன்சின் மாநிலத்தின் வைற்வோட்டர் ஆசிரிய கலாசாலையில் பேராசிரியராயிருந்த வொறன் ஜோன்சன் என்பவர் மின்னால் இயங்கும் அறை வெப்பநிலைநிறுத்திக்கு 1883இல் ஆக்கவுரிமை பெற்றார். அதற்குமுன் அக்கலாசாலையில் வகுப்பறையின் வெப்பத்தை அறிய வேண்டுமாயின் பராமரிப்பு ஊழியர் ஒருவர் வகுப்பறை தோறும் நுழைந்து பார்த்துவிட்டு, நிலவறைக்கு இறங்கிச் சென்று உலையின் காற்றுவாயில்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பாடம் நடக்கும்போது ஊழியர் வந்துபோவது பேராசிரியருக்கு இடையூறாக இருந்தது. எனவே அவர் செய்த கருவி வெப்பம் குறைந்ததும் கீழே ஒரு மணியை ஒலிக்கச் செய்தது. உலையைத் தானாக இயக்கும் ஆற்றல் அதற்கு அப்போது இருக்கவில்லை. அது கீழே நின்ற ஒரு மனிதனுக்கு இட்ட கட்டளையே. மணியோசை கேட்டவர் பெயரை வரலாறு எங்கும் பதிந்துவைக்கவில்லை. பேராசிரியர் தொடங்கிய கம்பனியோ இன்றும் நிலைத்திருக்கிறது. வெப்பநிலைநிறுத்தி என்பது பிறந்தபோதே வெறும் அளவுகருவியாக அன்றி, ஒருவர் மற்றொருவரை ஏவும் சாதனமாகவே பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அந்த ஏவலை மனிதனிடமிருந்து உலோகத்துக்கு மாற்றியமையே பின்வந்த எழுபது ஆண்டுகளின் சாதனை. ஹனிவெல் கம்பனி 1953இல் வெளியிட்ட, ஹென்றி டிறைபஸ் வடிவமைத்த வட்டமான வெப்பநிலைநிறுத்தி இதன் உச்சம் எனலாம். அதன் உள்ளே இருப்பது ஒரு சுருள். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த ஈருலோகக் கீலத்தைச் சுருட்டி வைத்திருப்பர். அறை குளிர்ந்தால் சுருள் ஒரு பக்கம் திரும்பும்; அதன்மேல் பொருத்திய சிறு கண்ணாடிக் குழாய் சரியும்; உள்ளேயுள்ள இரசத்துளி உருண்டு சென்று இரண்டு கம்பிகளை இணைக்கும்; உலை மூளும். வெப்பம் ஏறினால் இவையனைத்தும் மறுபுறமாக நிகழும். அக்கருவிக்கு மின்கலம் வேண்டியதில்லை, கடவுச்சொல் வேண்டியதில்லை, அதனைச் செய்த கம்பனி உயிருடன் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பல தசாப்தங்கள் சுவரிலிருந்து உழைத்த கருவிகள் உண்டு. வட்டத்தைத் திருப்பும் கை எவருடையதோ அவரே அவ்வறையின் வெப்பத்துக்கு அதிகாரி. வீட்டுக்காரர் திருப்பலாம், விருந்தினர் திருப்பலாம், குழந்தைகூடத் திருப்பலாம்.

இதன் குறைபாட்டையும் கூறவேண்டும். ஒருவரும் இல்லாத வீட்டுக்கும் அது வெப்பமூட்டிக்கொண்டே இருக்கும். நேரத்துக்கேற்ப அமைத்துவைக்கக்கூடிய கருவிகள் பின்னர் வந்தன. ஆயின் அவற்றை மக்கள் ஒழுங்காக அமைக்கவில்லை. எதிர்பார்த்த சேமிப்பும் கிட்டவில்லை. அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் அத்தகைய கருவிகளுக்கு வழங்கிவந்த சக்திச் சிக்கன முத்திரையை 2009ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்திக்கொண்டது. இந்த இடைவெளியிலேதான் நெஸ்ற் நுழைந்தது. 2011 ஒக்ரோபரில் அறிமுகமான அக்கருவியை அமைக்க வேண்டியதில்லை. வீட்டார் அதன் வளையத்தைத் திருப்பும் வேளைகளை முதற் சில நாட்களில் கவனித்து, தானே ஒரு நேர அட்டவணையை வகுத்துக்கொண்டது. நடமாட்டத்தை உணரும் உணரி ஒன்று, வீட்டில் எவரும் இல்லையென்று கண்டால் வெப்பத்தைக் குறைத்தது. சிக்கனமான அளவைத் தெரிந்தெடுத்தவருக்கு முகப்பில் பச்சை இலை ஒன்று தோன்றிற்று. வெப்பமூட்டலில் 10 முதல் 12 சதவீதமும் குளிரூட்டலில் 15 சதவீதமும் மீதமாவதாகக் கம்பனி 2015இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறியது. கம்பனியின் கணக்கு என்பதற்காக இதனைப் புறந்தள்ளிவிட முடியாது. புவி வெப்பமடையும் காலத்தில் வீண்செலவாகும் எரிபொருளைக் குறைப்பது சிறிய காரியமன்று. இப்பயன்பெறுமதியை மறுத்துவிட்டு எழுதப்படும் எந்த விமர்சனமும் வெறும் பழமைவாதமாகவே முடியும்.

ஹார்வார்ட் வர்த்தகப் பள்ளியின் பேராசிரியராயிருந்த ஷோஷானா சூபொவ் 2019இல் வெளியிட்ட ‘கண்காணிப்பு முதலாளித்துவத்தின் யுகம்’ என்னும் பெருநூல் இத்துறையில் இன்று யாவரும் மேற்கோள் காட்டும் நூலாகும். அவர் நெஸ்ற் கருவியை ஓர் உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். 2000ஆம் ஆண்டில் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ‘அறியும் வீடு’ என்றொரு பரிசோதனையை நடத்தினர். அங்கே வீட்டின் உணரிகள் திரட்டும் செய்தி அவ்வீட்டாருக்கே உரியது என்பது கேள்விக்கிடமற்ற எடுகோளாக இருந்தது. இருபது ஆண்டுகளுக்குள் அந்த எடுகோள் தலைகீழானது. ஒரு நெஸ்ற் கருவியை வாங்குபவர் தாம் உட்படும் நிபந்தனைகளை முழுமையாக அறிய ஏறத்தாழ ஆயிரம் ஒப்பந்தங்களை வாசிக்கவேண்டியிருக்கும் என இலண்டன் பல்கலைக்கழக அறிஞர் இருவர் கண்டதை சூபொவ் எடுத்துக்காட்டுகிறார். மனித அனுபவமே மூலப்பொருளாக்கப்பட்டு, அதிலிருந்து எதிர்வுகூறல்கள் உற்பத்தியாகி விற்கப்படுகின்றன என்பது அவரது கொள்கை.

நிகழ்வுகள் பல இக்கொள்கைக்கு வலுவூட்டின. வாடிக்கையாளரின் செய்திகள் நெஸ்ற் பொருள்களையும் சேவைகளையும் வழங்கவும் மேம்படுத்தவுமே பயன்படும் என 2014இல் உறுதி கூறப்பட்டது. 2018இல் நெஸ்ற் கூகிளின் பிரிவொன்றுடன் இணைக்கப்பட்டது. 2019இல் நெஸ்ற் கணக்குகளை மூடிக் கூகிள் கணக்குகளுக்கு மாறும்படி பாவனையாளர் கேட்கப்பட்டனர். அதே ஆண்டு பெப்ரவரியில், நெஸ்ற் பாதுகாப்புத் தொகுதியினுள் விபரப் பட்டியலிற் குறிப்பிடப்படாத ஒலிவாங்கி ஒன்று இருந்துவந்தது தெரியவந்தது. அதனைக் குறிப்பிடாதது தவறுதான் என்று நிறுவனம் விளக்கமளித்தது. வாங்கியவர் வீட்டில் ஓராண்டுக்கும் மேலாக இருந்த செவியைப் பற்றி விற்றவர் கூற மறந்தார் என்பதை அவரவர் இயல்புக்கேற்ப ஏற்கலாம்.

எனினும் சூபொவின் நோக்கில் ஓர் அடிப்படைக் கோணல் உண்டு. ‘கண்காணிப்பு’ என்ற அடைமொழியிலே கவனம் முழுவதையும் குவித்து, ‘முதலாளித்துவம்’ என்ற பெயர்ச்சொல்லை அவர் ஆராயாது விட்டார் என்று எவ்கெனி மொறொசொவ் அந்நூல் வெளிவந்த ஆண்டிலேயே விமர்சித்தார். அக்கூற்றுடன் நாம் பெரிதும் உடன்படுகிறோம். ஆயினும் மொறொசொவ் நிற்கும் இடமும் சந்தையும் இலாபமும் சார்ந்ததே. நமது கேள்வி அதனினும் எளியது. சுவரிலிருக்கும் அக்கருவி யாருடைய சொற்கேட்டு நடக்கிறது? தரவு வீட்டிலிருந்து வெளியே போகிறது என்பதையே விமர்சகர்கள் கண்டனர். அதே கம்பிவழியே கட்டளை உள்ளே வருகிறது என்பதை அவர்கள் போதியளவு காணவில்லை. சூபொவ் இதனை அறியாதவர் அல்லர். நிபந்தனைகளை ஏற்க மறுப்பவரின் கருவி குன்றிப்போகும் என்றும், தவணை கட்டத் தவறியவரின் வாகனத்தைத் தூரத்திலிருந்தே நிறுத்திவிடலாம் என்றும் அவர் எழுதுகிறார். ஆயினும் அவற்றைத் தொட்டுவிட்டு மீண்டும் தரவுக்கே திரும்பிவிடுகிறார்.

கொலறாடோ மாநிலத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2022 ஓகஸ்ற் 30ஆம் திகதி கடும் வெப்பம். எக்செல் எனர்ஜி என்னும் மின்வழங்கற் கம்பனியின் வாடிக்கையாளர் ஏறத்தாழ 22,000 பேர் தம் குளிரூட்டியின் அளவைக் குறைக்க முனைந்தபோது கருவி இணங்க மறுத்தது. சக்தி நெருக்கடி காரணமாகக் கட்டுப்பாடு பூட்டப்பட்டுள்ளது என்ற அறிவித்தலே முகப்பில் தோன்றியது. அவர்கள் அனைவரும், ஆண்டுக்கு 25 டொலர் கழிவுக்காக இத்திட்டத்தில் தாமாகவே சேர்ந்தவர்கள். முன்னைய ஆண்டுகளில் அளவு உயர்த்தப்பட்டாலும் வீட்டார் விரும்பினால் அதனை மீற முடிந்தது. அன்றுதான் முதன்முறையாக அவ்வழி அடைபட்டது. வீட்டினுள் வெப்பம் 88 பாகை பரனைற்று வரை ஏறியதாக முறைப்பாடுகள் எழுந்தன. அது ஏறத்தாழ 31 பாகை செல்சியசு. யாழ்ப்பாணத்து நண்பகலைக் கண்ட நமக்கு இது சிரிப்பைத் தரலாம். மின்வலையமைப்பு விழாமல் காக்க எல்லோரும் சிறிது வியர்ப்பது நியாயமானதே என்றும் வாதிடலாம். இக்கட்டுரையாளரும் அவ்வாறே கருதுகிறார். ஆனால் நியாயமான அந்த முடிவை எடுத்தது எந்தச் சபை? எவர் எவருக்குப் பொறுப்புக் கூறினர்? நோயாளி இருக்கும் வீட்டையும் ஆளற்ற வீட்டையும் பிரித்தறிந்தது யார்? தனியார் ஒப்பந்தமொன்றின் சிறிய எழுத்துக்களே அன்று சட்டமாயின. இங்கே எந்தத் தரவும் களவாடப்படவில்லை, எந்த இரகசியமும் கசியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தரவு பற்றிய கொள்கை கொண்டு இந்நிகழ்வை விளக்கமுடியாது.

வெப்பத்தின்மேல் பிறர் அதிகாரம் செலுத்துவது கூகிளுடன் தொடங்கியதன்று. ரொறன்ரோவில் வாழும் என் சிறிய தாயார் அங்கு சென்ற முதல் நான்கு ஆண்டுகளும் ஒரு வீட்டின் நிலவறையிலேயே குடியிருந்தார். புதிதாகச் சென்ற எம்மவர் பலருக்கும் அதுவே முதற் குடியிருப்பு. வெப்பநிலைநிறுத்தி மேல்மாடியில், வீட்டுக்காரரின் விறாந்தைச் சுவரில் இருந்தது. அவர்கள் வேலைக்குப் போகும்போது குறைத்துவிட்டுப் போவார்கள். இரவுவேலை முடித்துக் காலையில் வந்து படுப்பவர் மேலங்கியுடனேயே உறங்குவார். “வீட்டுக்காரரும் எங்கட ஆக்கள்தான், எப்பிடிப் போய்க் கேக்கிறது?” என்பார் சின்னம்மா. அந்நகரின் சட்டமோ வாடகை வீட்டில் குளிர்காலத்து வெப்பம் 21 பாகைக்குக் குறையக்கூடாது என்கிறது. அவர் கேட்கவில்லை, ஆயினும் கேட்பதற்கு மேல்மாடியில் ஒரு மனிதர் இருந்தார், முறையிட ஒரு மாநகரசபையும் அதன் ஏட்டில் ஓர் எண்ணும் இருந்தன. அதிகாரம் கொடியதாயினும் அதற்கு ஒரு முகவரி இருந்தது.

இதே ஒழுங்கு ஒரே குடும்பத்தினுள் என்னவாகிறது என்பதை 2018 யூனில் நியூயோர்க் ரைம்ஸ் வெளியிட்ட நீண்ட கட்டுரை காட்டியது. வன்முறைக்குள்ளான பெண்கள், அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர், சட்டத்தரணிகள் எனப் பலரைக் கண்டு எழுதப்பட்டது அது. ஒருத்தி குளிரூட்டியை இயக்குவாள். அது தானே நின்றுவிடும். இன்னொருத்தியின் வாயிற்பூட்டின் இலக்கங்கள் நாள்தோறும் மாறும். ஏன் என அவர்களுக்குத் தெரியாது. கருவிகளை வாங்கிப் பொருத்தியவர், கடவுச்சொல்லை வைத்திருந்தவர், பெரும்பாலும் ஆணே. வீட்டைவிட்டுப் போன பின்பும் அவர் கை வீட்டினுள்ளேயே இருந்தது. ஹனிவெல்லின் வட்டத்தை அவ்வறையில் நின்ற எவரும் திருப்பலாம் என மேலே கூறினோம். நெஸ்ற்றின் வளையத்தையும் எவரும் திருப்பலாம். ஆனால் கணக்கை வைத்திருப்பவர் அதனைத் திருப்பித் திருப்பிவிடலாம். பெரு நிறுவனங்கள் ‘வீடு’ என்று பேசும்போதும், சூபொவ் அவர்களுக்கெதிராக ‘வீடு என்னும் புகலிடம்’ என்று எழுதும்போதும், இருசாராரும் வீட்டை ஒரே உள்ளம் கொண்ட ஓர் ஆளாகவே காண்கின்றனர். வீட்டினுள்ளே குடும்பத் தலைவர் இருக்கிறார், மனைவி இருக்கிறாள், முதியோர் இருக்கின்றனர், வாடகைக்கு இருப்போர் இருக்கின்றனர். யாருடைய புகலிடம் என்ற வினாவை எழுப்பாத விமர்சனம், பழைய குடும்பத் தலைவனைப் புதிய நிறுவனத்திடமிருந்து காப்பாற்றும் முயற்சியாகச் சுருங்கிவிடும் அபாயம் உண்டு. பெண்ணியம் பயிலும் மாணவியர் எமது பீடத்தில் இதனை எம்மிலும் நன்கு எழுதக்கூடும்.

இனி உடைமைக்கு வருவோம். பண்டம் ஒன்றை விலைகொடுத்து வாங்கியவர் அதன் உடைமையாளர் என்பது முதலாளித்துவமே பெருமையுடன் வகுத்த நியதி. நெஸ்ற் 2014இல் றிவொல்வ் என்னும் சிறு கம்பனியை வாங்கியது. அது வீட்டின் விளக்கு, பூட்டு முதலியவற்றை இணைக்கும் பெட்டியொன்றை 300 டொலருக்கு விற்றுவந்தது. ஆயுட்காலச் சந்தாவும் அவ்விலையுள் அடங்கும் எனக் கூறியிருந்தது. 2016 மே 15ஆம் திகதி அச்சேவை நிறுத்தப்பட்டது. பெட்டிகள் யாவும் அன்றே செயலிழந்தன. ஆயுட்காலம் என்றது யாருடைய ஆயுளை என்று வாங்கியோர் கேட்டிருக்கவில்லை. பழுதுபட்ட பொருளை நாம் அறிவோம். தேய்ந்த பொருளையும் அறிவோம். பழுதுமின்றித் தேய்வுமின்றி, விற்றவரின் தீர்மானத்தால் ஒரே நாளில் இறக்கும் பொருள் வேறு இனத்தது. அதனை வாங்கினோம் எனல் பொருந்தாது. குத்தகைக் காணியில் இருப்பவனுக்குக் குத்தகை எப்போது முடியும் என்றாவது உறுதியில் எழுதப்பட்டிருக்கும். இங்கே அதுவும் இல்லை. அவ்வாண்டு சனவரியிலே, கம்பனி அனுப்பிய மென்பொருளிலிருந்த வழுவினால் பல நெஸ்ற் கருவிகளின் மின்கலம் வற்றி வீடுகள் குளிரில் விறைத்ததையும் இதனுடன் சேர்த்து நோக்கவேண்டும். சுவரிலுள்ள பொருளை வீட்டார் தொடவில்லை; அது இரவோடிரவாக வேறு பொருளாகியிருந்தது.

2025 ஏப்பிரலில் கூகிள் மற்றுமோர் அறிவித்தலை விடுத்தது. 2011ஆம், 2012ஆம் ஆண்டுகளின் முதலிரு தலைமுறை நெஸ்ற் கருவிகளுக்கு அவ்வாண்டு ஒக்ரோபர் 25உடன் ஆதரவு நிறுத்தப்படும். அதன்பின் அவற்றைத் தொலைபேசிச் செயலியிலிருந்து இயக்கமுடியாது. விரும்புவோர் புதிய கருவியைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம். சூபொவின் கொள்கையை இங்கே நேராகப் பிரயோகித்துப் பார்த்தால் விசித்திரமான முடிவொன்று கிடைக்கிறது. இணைப்பு அறுந்தால் தரவு போவதும் நிற்கவேண்டும், ஆகவே உடைமையாளர் விடுதலை பெற்றிருக்கவேண்டும். ஆனால் அவர்கள் மகிழவில்லை, ஏமாற்றப்பட்டதாகவே முறையிட்டனர். அவர்களது கோபம் செய்தி எடுக்கப்பட்டது குறித்து அன்று. காசு கொடுத்து வாங்கிய ஆற்றலைத் தம்மைக் கேளாமலே ஒருவர் மீள எடுத்துக்கொள்ள முடிந்தது குறித்தே. அக்கருவிகள் முற்றாக இறந்துவிடவுமில்லை. சுவரருகே சென்று வளையத்தைக் கையாலே திருப்பினால் உலை இன்றும் மூளும். ஏற்கெனவே வகுத்த நேர அட்டவணையும் நடக்கும். 1953ஆம் ஆண்டின் வட்டத்தைப் போலவே, அறையில் நிற்பவர் எவரோ அவர் சொல்லுக்கு அவை இப்போது கட்டுப்படுகின்றன. தூரத்திலிருந்து எவரும் அவற்றை மாற்ற முடியாது. கம்பனி அவற்றைக் கைவிட்ட நாளிலிருந்தே அது சாத்தியமாயிற்று.